வீட்டுப் பத்திரங்களைப் பேணும் வகை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரித் தட்டிலோ, றங்குப் பெட்டியின் அடியிலோ, தலையணை உறையினுள்ளோ மடித்து வைக்கப்பட்டிருக்கும் சில தாள்களைப் பற்றியதே இப்பேச்சு. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு, சேமலாப நிதிக் கடிதம் ஆகியவற்றையே குறிப்பிடுகின்றேன். தேவைப்படும் நாள் வரும்வரை இவற்றை நாம் நினைப்பதில்லை. அந்த நாளில் இவை கைக்கு எட்டாவிடின், பிள்ளையின் படிப்போ, விதவையின் உதவிப் பணமோ, பாட்டன் தேடிய நிலமோ இடைவழியில் நின்றுவிடுகின்றது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் பொங்கி எழுந்ததை எவரும் மறந்திரார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நான் கிழக்குக் கரையோரத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். புதிய பிள்ளைகளின் பெயர்களைச் சேர்விடாப்பிற் பதியும் வேலை என்னிடம் இருந்தது. ஒரே நாளில் இரு தாய்மார் வந்தனர். இருவர் வீட்டையும் கடல் கொண்டுபோயிருந்தது. இருவர் கையிலும் பிறப்புச் சான்றிதழ் இல்லை.

முதலாவது தாயிடம் பிள்ளை பிறந்த நாளைக் கேட்டேன். வைகாசிப் பறுவத்துக்கு மறுநாள் என்றாள். எந்தப் பதிவாளர் பிரிவில் எப்பொழுது பதியப்பட்டது என்று கேட்டபோது அவள் விடை கூறாது நிலத்தைப் பார்த்தாள். அக்காரியங்களையெல்லாம் கணவனே கவனித்து வந்தான். கணவனையும் கடல் கொண்டுபோயிருந்தது. இரண்டாவது தாய் தன் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, அப்பியாசக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாளை என்முன் விரித்தாள். “ஐயா, பெட்டியோடு எல்லாம் போயிற்று. நம்பர்களை மட்டும் முன்னமே எழுதி மச்சாள் வீட்டிலே கொடுத்து வைத்திருந்தேன்” என்றாள். மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலக்கம், பதிந்த திகதி, பதிவாளர் பிரிவு, தன் விவாகப் பதிவிலக்கம், வளவின் உறுதியிலக்கம் ஆகிய அனைத்தும் அத்தாளிலே பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. மச்சாளின் வீடு கடலுக்கு மேற்கே, வெள்ளம் எட்டாத ஊரில் இருந்தது.

இரு பிள்ளைகளையும் அன்றே சேர்த்துக்கொண்டோம். ஆயினும், இரண்டாவது தாய் தன் பத்திரங்களின் பிரதிகளைச் சில வாரங்களிற் பெற்றுவிட்டாள். முதலாவது தாயோ மாதக்கணக்காக அலைந்தாள். இருவருக்கும் நேர்ந்த இழப்பு ஒன்றே. ஒருத்தியிடம் ஒரு தாள் இருந்தது, மற்றவளிடம் அது இல்லை, வேறுபாடு அவ்வளவே. இன்று உங்களிடம் நான் கூறவிருப்பதன் சாரமும் அதுவே. பத்திரத்தைப் பேணுங்கள், பத்திரத்தினும் மேலாக அதன் இலக்கத்தைப் பேணுங்கள்.

இதன் காரணத்தை விளக்குவேன். நம் கையிலுள்ள பிறப்புச் சான்றிதழ் மூலப்பதிவு அன்று. அது பதிவேட்டின் பிரதியே. மூலம் அரசாங்க அலுவலகத்திலுள்ள பதிவேட்டில் இருக்கின்றது. உறுதியின் மறுபிரதி காணிப் பதிவகத்திலும், பரீட்சைப் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்திலும் இருக்கின்றன. ஆகவே கையிலுள்ள தாள் எரிந்தாலும் நனைந்தாலும் உரிமை அழிந்துவிடவில்லை. ஆனால் இலட்சக்கணக்கான பதிவுகளுள் நம் பதிவு எங்கே கிடக்கின்றது என்பதை யார் கூறுவது? இலக்கமும் திகதியும் அலுவலகத்தின் பெயரும் அறிந்தவனுக்குப் பதிவேட்டின் பக்கம் உடனே திறக்கும். அறியாதவனுக்காக ஏட்டின்பின் ஏடாகத் தேட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு, நாளும் செல்லும்.

பிரதி செய்து பேணும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. பனையோலை ஏடு நெடுங்காலம் நில்லாது என்பதை அறிந்த நம் முன்னோர், பழைய ஏடு ஒடியுமுன் புதிய ஓலையில் அதனைப் பெயர்த்தெழுதி வந்தனர். பெயர்த்தெழுதப்படாத நூல்கள் செல்லுக்கு இரையாயின. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றியதன் அருமை இதனாலேயே நமக்கு விளங்குகின்றது. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிற் காணிகளையும் குடிகளையும் தோம்பு என்னும் ஏடுகளிற் பதிவித்தனர். ஆட்சிகள் மாறின, பதிந்து வைக்கும் முறை நிலைத்தது. அன்று புலவர் ஏட்டிற்குச் செய்ததை இன்று குடும்பத்தவர் தம் பத்திரங்களுக்குச் செய்தல் வேண்டும்.

ஒரு தாள் இன்மையால் மனிதர் எவ்வளவு துன்புறுவர் என்பதற்கு மலையகத்தினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், தாமும் தந்தையும் எங்கே பிறந்தனர் என்பதை எழுத்தில் மெய்ப்பிக்க இயலாத தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையும் அத்துயரின் எச்சம் தொடர்ந்தது. சட்டத்தின் நீதி அநீதியை ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. எழுத்துச் சான்று இல்லாதவன் சொல் சபையேறுவது கடினம் என்பதை அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது என்று மட்டும் கூறி மேற்செல்வேன்.

முதலிற் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். பிள்ளை பிறந்து 42 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவித்தல் வேண்டும். சோதிடம் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்று சிலர் பெயர் இடாமலே பதிவித்துவிட்டுப் பின்னர் அதனை மறந்துவிடுகின்றனர். ஐந்து வயதிற் பாடசாலைக்கு வரும்போதே பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பதைக் காண்கின்றனர். பின்னர் பெயரைச் சேர்க்க வழியுண்டு. ஆனால் நாற்பது நாளிற் செய்யக்கூடியதை ஐந்து ஆண்டின்பின் செய்வது அலைச்சலே. ஆதலாற் பெயரைத் தீர்மானித்துக்கொண்டு பதிவுக்குச் செல்லுங்கள். சான்றிதழைப் பெற்றதும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாக வாசியுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தை தாயின் முழுப்பெயர் ஆகிய யாவும் சரியோ என்று பாருங்கள். கண்ணாடி கொண்டு செல்லாதவர் அருகிலுள்ள ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தல் குறையன்று.

எழுத்துப் பிழை சிறியதென்று எண்ண வேண்டா. சிவராசா என்னும் பெயரை ஒருவர் ‘சா’ என்றும் மற்றொருவர் ‘ஜா’ என்றும் எழுதுவர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஈற்றில் ‘எச்’ எழுத்து ஒரு தாளில் இருக்கும், மற்றொன்றில் இராது. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். இவையெல்லாம் ஒரே மனிதனைக் குறிப்பன என்று ஊரவர் அறிவர், அலுவலகம் அறியாது. 15 வயது நிறைந்த மாணவர் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அதிபர்கள் அவ்விண்ணப்பங்களை அத்தாட்சிப்படுத்தி அனுப்புகின்றோம். அவ்வேளையிலேயே இவ்வேறுபாடுகள் வெளிப்படுகின்றன. சாதாரண தரப் பரீட்சை நெருங்கி நிற்கும்போது தந்தையும் மகனும் பிரதேச செயலகத்துக்கும் பாடசாலைக்கும் இடையே ஓடுவதை ஆண்டுதோறும் காண்கின்றேன். பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே மூலமாகக் கொண்டு, பாடசாலை, அடையாள அட்டை, வங்கி, கடவுச்சீட்டு ஆகிய அனைத்திலும் அதனையே எழுதுவித்தல் நன்று. மூலத்திலேயே பிழை இருப்பின், பிள்ளை சிறியதாக இருக்கும்போதே பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரை அணுகித் திருத்தம் செய்வித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விவாகப் பதிவு. தாலி கட்டிய அன்றே எல்லாம் நிறைவேறிவிட்டது என்று இருந்துவிடுபவர் இன்னும் உளர். கோயிலில் அக்கினி சாட்சியாக நிகழ்ந்த மணத்தை ஊர் அறியும். ஆனால் இருபது ஆண்டின்பின் கணவன் இறந்து, மனைவி விதவைகள் ஓய்வூதியத்துக்கோ சேமலாபத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, அன்று பந்தலில் இருந்தோருட் பலர் உயிரோடிரார். பதிவாளர் முன்னிலையில் இட்ட கையொப்பம் அப்பொழுதும் பேசும். இதுவரை பதியாதவர் இனியேனும் பதிவித்துக்கொள்ளுக. வீட்டில் ஒருவர் இறந்தால், துயரத்தின் நடுவிலும் மரணப் பதிவை ஒருவர் பொறுப்பேற்று முடித்தல் வேண்டும். மரணச் சான்றிதழின் பிரதிகளைத் தேவைக்கு மேலாக இரண்டு மூன்று எடுத்து வைப்பது நன்று. வங்கி, காப்புறுதி, காணி என ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொன்று கேட்கப்படும்.

இனிக் காணி உறுதிக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொட்டு, தனியார் காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டியதாகும். உறுதியின் மூலப்பிரதி காணி பெற்றவரைச் சேரும். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மறுபிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். மறுபிரதி பதிவகம் சேர்ந்தவுடன் காணி தம் பெயரிற் பதிவாகிவிட்டது என்று கருதுகின்றனர். அவ்வாறன்று. பதிவகத்தில் மறுபிரதியைச் சேமித்தல் ஒன்று. உறுதியை அக்காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்திற் பதிவித்தல் மற்றொன்று. இரண்டாவதைச் செய்யாது விட்டால், அதே காணியை அதே ஆள் பின்னர் வேறொருவருக்கு விற்று, அவர் முந்திப் பதிவு செய்துகொள்ளும்போது, முந்தி வாங்கியவர் தம் உரிமையையே இழக்க நேரிடலாம். ஆகவே உறுதி கைக்கு வந்ததும், பதிவு செய்யப்பட்டதற்கான முத்திரையும் பதிவேட்டின் தொகுதி, பக்க இலக்கங்களும் அதில் உண்டோ என்று பாருங்கள். இல்லையெனின் எழுதிய நொத்தாரிசிடம் கேளுங்கள்.

நொத்தாரிசின் பெயர், உறுதியிலக்கம், எழுதிய திகதி ஆகிய மூன்றும் ஓர் உறுதிக்கு உயிர்நிலை. இம்மூன்றையும் அறிந்தால், மூல உறுதி அழிந்தாலும் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறலாம். நொத்தாரிசு காலமானாலும் அவர் பேணிய பிரதிகள் பதிவகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். இம்மூன்றோடு காணியின் பெயர், பரப்பளவு, நாற்றிசை எல்லை, நில அளவை வரைபடத்தின் இலக்கம், அளந்தவர் பெயர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்க. வேலி கறையானுக்கு இரையாகும், எல்லை மரம் புயலில் விழும். வரைபட இலக்கம் அவற்றோடு அழிந்துபோகாது.

அரசாங்கக் காணியில் அனுமதிப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோ பெற்று வாழ்வோர் வன்னியிலும் கிழக்கிலும் மிகப் பலர். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட இக்காணிகளுக்குப் பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறித்துப் பதிவித்து வைக்கும் உரிமை உண்டு. தந்தை உயிரோடிருக்கும்போது ஒரு நாட் காலையில் முடியும் இவ்வேலையைச் செய்யாது விட்டு, அவருக்குப்பின் உடன்பிறந்தோர் பேச்சற்றுப் போன குடும்பங்களை யான் அறிவேன். நிலத்துக்கான சண்டையிற் பாதி, எழுதி வையாமையால் வரும் சண்டையே.

தொழில் செய்வோர் தம் உழைப்பின் பத்திரங்களையும் பேணுதல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில்கொள்வோரால் நூற்றுக்கு 12 பங்கும் செலுத்தப்படுகின்றன. இது முதுமைக்கால உணவு. தோட்டத்துச் செக்றோலில் வழங்கும் பெயர் ஒன்றாகவும், அடையாள அட்டைப் பெயர் வேறாகவும் இருப்பின், முப்பது ஆண்டு கொழுந்து பறித்த கை, தன் பணத்தைப் பெறக் காத்து நிற்க நேரும். அங்கத்துவ இலக்கத்தையும், வேலை தொடங்கிய திகதியையும் குறித்து வைக்கவும். பெயர் வேறுபாட்டை ஓய்வு பெறும்வரை விட்டு வையாது, வேலையில் இருக்கும்போதே திருத்துவித்துக்கொள்ளவும். நமக்குப்பின் அப்பணத்தைப் பெறுவதற்கு நியமித்தவர் யார் என்பதையும் காலத்துக்குக் காலம் சரிபார்த்தல் வேண்டும். மணமாகுமுன் தாயின் பெயரைக் கொடுத்த மகன், மணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்னரும் அதனை மீள நோக்காது விடுதல் பெருவழக்கு.

மாணவர்க்கு ஒரு சொல். பரீட்சைச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன், பரீட்சை ஆண்டையும் சுட்டெண்ணையும் எழுதி வையுங்கள். பாடசாலை விட்டு விலகும்போது விடுகைப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுங்கள். பத்தாண்டு கழித்து வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அதனைக் கேட்கும் பழைய மாணவர் பலர்.

இனிக் குறிப்புக் கொப்பியை எழுதும் முறையைக் கூறுவேன். 40 தாள் அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே முழுப்பெயர், சான்றிதழில் உள்ளவாறு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படல் வேண்டும். அதன்கீழ்ப் பிறப்புப் பதிவிலக்கமும் திகதியும் பதிவாளர் பிரிவும், அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டு இருப்பின் அதன் இலக்கமும் முடிவுத் திகதியும், பரீட்சைச் சுட்டெண்கள், தொழில் இலக்கங்கள், இரத்த வகை ஆகியவற்றை வரிசையாக எழுதுக. காணிகளுக்குத் தனிப் பக்கமும், வங்கிக் கணக்கு, காப்புறுதி, அடகு, கொடுத்த கடன், வாங்கிய கடன் ஆகியவற்றுக்குத் தனிப் பக்கமும் இருக்கட்டும். நீர் பட்டாற் கரையும் மையினால் எழுதாதீர்கள். பென்சில் எழுத்து நீரிற் கரையாது. குமிழ்முனைப் பேனாவும் பெரும்பாலும் தாங்கும். வங்கி அட்டையின் இரகசிய எண்ணையும் கைத்தொலைபேசியின் கடவுச்சொல்லையும் இக்கொப்பியில் எழுதுதல் ஆகாது.

எழுதியபின் அதனைப் பார்த்து மற்றொரு கொப்பி எழுதுங்கள். ஒன்று வீட்டிலும், மற்றொன்று நம்பத்தக்க உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். அவ்வீடு நம் வீட்டுக்கு அடுத்த வேலியாக இருத்தல் கூடாது. நம் வீட்டுக்கு வரும் வெள்ளம் அவர் வீட்டுக்கும் வரும். மலைச்சரிவில் வாழ்பவர் வேறு மலையிலும், கடலோரத்தவர் உள்ளூரிலும் வைப்பது அறிவுடைமை. கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்பி வைப்பதும் நன்றே. ஆனால் தொலைபேசி தொலையும், பழுதடையும். அதனை மூன்றாவது காவலாகக் கொள்க, முதலாவதாகக் கொள்ளற்க.

மூலப் பத்திரங்களைப் பேணுவதிலும் சில நுட்பங்கள் உண்டு. பத்திரம் பழுதாகாதிருக்கச் சூடேற்றிப் பிளாஸ்திக்கு உறையினுள் ஒட்டுவித்தல் இன்று பெருவழக்காயிருக்கின்றது. லமினேற் என்று கூறப்படும் இச்செயல் நன்மை போலத் தோன்றினும் பழைய தாளுக்குத் தீமையே செய்யும். ஒட்டியதைப் பின்னர் பழுதின்றிப் பிரித்தல் இயலாது. திருத்தமோ புதிய முத்திரையோ இடவேண்டி நேரின் இடமிராது. ஒட்டும் நாடாவும் அவ்வாறே. சில ஆண்டிற் பழுத்து எழுத்தின்மேற் கறையாகும். குண்டூசி துருப்பிடிக்கும், இறப்பர் வளையம் உருகி ஒட்டும். ஒவ்வொரு பத்திரத்தையும் கூடியவரை மடியாது, தடித்த கடித உறையிலோ திறந்த பிளாஸ்திக்கு உறையிலோ இட்டு, உறையின்மேல் அதன் பெயரை எழுதி வையுங்கள். மடிப்பிலேதான் தாள் முதலில் இற்றுப்போகின்றது.

பெட்டியைச் சுவரோடு சேர்த்தோ வெறுந்தரையிலோ வைக்க வேண்டா. கறையான் சுவர் வழியாகவும் தரை வழியாகவுமே வரும். கற்களின்மேலோ தட்டின்மேலோ, சுவருக்குச் சற்று விலகி வையுங்கள். உலர்ந்த வேப்பிலையை மெல்லிய துணியிற் கட்டிப் பெட்டியில் இடுவது முன்னோர் வழக்கம். பச்சை இலையை இட்டால் ஈரம் சேர்ந்து தீமையாகும். வேப்பிலையினும் சிறந்த காவல், ஆண்டுக்கு இருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதே. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர் மாரி தொடங்குமுன் புரட்டாசியில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் மாசியில் ஒருமுறையும் பார்க்கலாம். மலையகத்தார் தம் இடத்து மழைக்கேற்ப நாளை வகுத்துக்கொள்க. நேர் வெயிலிற் காய விடாது, நிழலிற் காற்றாட விட்டு மீண்டும் அடுக்குக. மழைக்காலத்தில், சட்டென எடுத்துச் செல்லத்தக்கவாறு எல்லாவற்றையும் நீர் புகாத பை ஒன்றில் இட்டு, வாயிலுக்கு அண்மையில் வைப்பது நன்று.

அவ்வாறிருந்தும் பத்திரம் நனைந்துவிட்டாற் செய்வதென்ன? பதறி உரிக்க வேண்டா. நனைந்த தாள் மிக மெலிந்தது. ஒட்டியிருப்பதை இழுத்தால் எழுத்தோடு கிழியும். கைக்கு இயல்பாகப் பிரிவதை மட்டும் பிரித்து, தூய துணியின்மேற் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர விடுங்கள். துணி நனைய நனைய மாற்றுங்கள். துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. சேறு படிந்திருந்தால் உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் அகற்றலாம். அடுப்புக்கு அருகிலோ சூட்டுப் பெட்டியாலோ உலர்த்துதல் தாளைச் சுருக்கும். இரண்டு நாள் ஈரமாகக் கிடந்தாற் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், ஆதலால் தாமதியாதீர்கள். முற்றும் அழிந்தவற்றுக்கு, அண்மைப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியைப் பெற்று, கிராம அலுவலரிடம் தெரிவித்து, குறிப்புக் கொப்பியோடு உரிய அலுவலகத்துக்குச் செல்லுங்கள். கொப்பி உள்ளவர்க்கு வழி குறுகும்.

மூலப் பத்திரத்தை இரவல் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். வேலை வாங்கித் தருவேன், வெளிநாடு அனுப்புவேன் என்பவரிடம் கடவுச்சீட்டையும் சான்றிதழையும் ஒப்படைத்துவிட்டுத் தவிப்போர் உளர். கேட்பவருக்கு நிழற்பிரதி கொடுங்கள். மூலத்தைக் காட்டுங்கள், கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். அலுவலகம் ஒன்றிற் கட்டாயம் ஒப்படைக்க நேர்ந்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வெற்றுத் தாளில் எவருக்கும் கையொப்பம் இடற்க. அவர் உடன்பிறந்தவராயினும் இடற்க.

இறுதியாக ஒன்று. இதுகாறும் கூறிய அனைத்தையும் செய்து, அதனைக் குடும்பத் தலைவன் தன் நெஞ்சினுள்ளே பூட்டி வைத்தாற் பயனில்லை. என் தந்தையார் மிக ஒழுங்கானவர். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் கம்பியிற் கோத்து வைப்பார். ஆனால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் காணி விடயம் எதற்கு என்று எண்ணிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் திடீரெனக் காலமானபோது திறப்பு எங்கே என்பதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பெட்டியை உடைத்துத் திறந்தோம். அப்பூட்டு உடைந்த ஓசையைக் கேட்டு அம்மா அழுத அழுகை, தந்தையார் இறந்த அன்று அழுததினும் வேறானது. நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவர் தன்னை நம்பிச் சொல்லாது போனாரே என்னும் துயரம் அதில் இருந்தது. அவர் நம்பாதவர் அல்லர். சொல்லும் நாள் இன்னும் உண்டு என்று எண்ணியிருந்தார். நாமும் அவ்வாறே எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

ஆகவே, நேயர்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மதிய உணவின்பின் பெட்டியை இறக்குங்கள். மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும், மகனென்றும் மகளென்றும் வேறுபாடின்றி, அருகில் இருத்துங்கள். ஒவ்வொரு தாளையும் எடுத்து, இஃது இன்னது, இதனால் இன்ன பயன் என்று சொல்லுங்கள். அழகாக எழுதும் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்து இலக்கங்களை எழுதுவியுங்கள். மற்றொரு பிள்ளை பத்திரத்தை வாசித்து ஒத்துப் பார்க்கட்டும். பாட்டன் வாங்கிய காணியின் கதையும், தாம் பிறந்த வைத்தியசாலையின் பெயரும் அப்பொழுது அவர்களுக்குத் தெரியவரும். இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடியும். இரண்டாவது கொப்பியை அடுத்த முறை உறவினர் வீட்டுக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்று சேலை முடிச்சிலிருந்து அத்தாய் எடுத்த ஒற்றைத் தாள் என் கண்முன் இன்றும் நிற்கின்றது. அவள் அதிகம் படித்தவளல்லள். எழுத்தும் கோணியே இருந்தது. அத்தாளைக் கொண்டே தன் மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் அவள் மீட்டுக்கொண்டாள். அத்தகைய தாள் ஒன்று உங்கள் வீட்டிலும், உங்கள் உறவினர் ஒருவர் வீட்டிலும் விரைவில் இருக்க வேண்டும் என்று விரும்பி விடைபெறுகின்றேன்.